ஸ்காட்லாந்துக் கடலில் குடித்தனம் நடத்துவது எப்படி?

முதல் காரியமாக, வீட்டை விற்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கி, அதிலேயே சமைத்து, தூங்கி, தீவு தீவாகச் சுற்றப்போகிறேன் என்று முடிவெடுத்தவருக்கு மாதா மாதம் எங்கிருந்தாவது பணம் வந்துகொண்டிருக்க வேண்டும். தவிர, அக்டோபர் மாதத்து ராத்திரி ஒன்றில் கேபின் கூரையிலிருந்து நெற்றியில் சொட்டுச் சொட்டாக நீர் விழும்போது, எங்கோ ஓர் ஊரில் நம் பெயரில் ஒழுகாத கூரை ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு பெரிய ஆறுதல்.

இந்த ஆசை எப்படி வருகிறது என்பது தெரிந்ததுதான். யாரோ ஒரு காலண்டர் கொடுத்திருப்பார்கள். ஜூன் மாதப் பக்கத்தில் நீலக் கடல், தூரத்தில் மல் தீவின் மலைகள், நடுவே ஒரு வெள்ளைப் பாய். படம் எடுத்தவர் அப்போது கரையில் நின்றுகொண்டிருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படகு வாங்கலாம்? வெஸ்டர்லி சென்டார் வாங்குங்கள். 26 அடி நீளம், ஃபைபர் கிளாஸ் உடம்பு. 1969இல் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதனால் இன்றும் பழைய கார் விலைக்குக் கிடைக்கிறது. அழகான படகு என்று அதன்மேல் யாரும் பழி போட முடியாது. ஆனால் அடியில் கீல் என்ற நீள்தகடு ஒன்றுக்கு இரண்டாக உண்டு. கடல் வற்றிய சேற்றில் சாயாமல் நிற்கும். அதன் அருமை, தப்பான இடத்தில் தரைதட்டி, ஓதம் திரும்ப ஏறும்வரை காத்திருக்கும்போது தெரியும். ஒற்றைக் கீல் படகு வைத்திருப்பவர் அந்த நேரம் முழுக்கச் சுவரின் மேல் உட்கார்ந்துதான் டீ குடிக்க வேண்டும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் படகு வைத்திருந்திருக்க வேண்டும். கட்டிவைக்கும் இடத்துக்கு வாடகை, இன்ஷூரன்ஸ், வருஷத்துக்கு ஒருமுறை கிரேன் வைத்துத் தூக்கும் கூலி, அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்கப் பூசும் பெயின்ட், பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகள், நாற்பது வயதான டீசல் இன்ஜின். ஊருக்குள் இரும்புக்கடையில் வாங்கும் அதே திருகாணி, படகுச் சாமான் கடைக்குள் வந்ததும் இரண்டு மடங்கு விலைக்குப் போய்விடும். உள்ளே இட வசதி எப்படி என்று கேட்பீர்கள். நிமிர்ந்து நிற்பதற்கு ஓர் இடம் உண்டு. நீங்கள் நிற்கப் போகும்போது அங்கே இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார்.

இனி பஞ்சாங்கம். நல்ல நேரம் பார்த்து வாசற்படி இறங்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கரையில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். இங்கே பஞ்சாங்கத்தின் பெயர் ரீட்ஸ் நாட்டிகல் ஆல்மனாக். எந்தத் துறையில் எத்தனை மணிக்கு நீர் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும், எந்த இடுக்கில் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏறக்குறைய ஆறேகால் மணிக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம்போலத் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் வெகு உக்கிரம். அஷ்டமி கழிந்தால் கொஞ்சம் சாந்தம். நம் ராகுகாலத்துக்காவது எலுமிச்சம்பழ விளக்கு என்று ஒரு பரிகாரம் உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. அட்டவணையில் இருப்பது கிரீன்விச் நேரம், கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற சின்ன விஷயத்தை மறந்தவர்கள் பாறைகளோடு நெருங்கிப் பழகியிருக்கிறார்கள்.

கணக்கு எளிது. 26 அடிப் படகு எவ்வளவு முக்கினாலும் மணிக்கு ஆறு கடல் மைலைத் தாண்டிப் பெரிதாக ஓடாது. ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கைல் ரே என்றொரு ஒடுக்கமான வழி இருக்கிறது. பௌர்ணமிக்குப் பிறகு அங்கே நீர் எட்டு நாட் (மணிக்கு எட்டு கடல் மைல்) வேகம்வரை ஓடும். எதிர் ஓட்டத்தில் நுழைந்தீர்களானால் பாய் விம்மும், படகின் முன்முனையான அணியத்தில் நுரை பறக்கும், கருவியில் ஆறு நாட் என்று காட்டும். கரையில் புல் மேயும் ஆடு மட்டும் உங்களை மெதுவாக முந்திப் போகும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது இந்தக் கரைக்கு ஆகாத புத்திமதி. காற்று எந்தப் பக்கம், நீர் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் போனால் சுகமான பயணம். எதிரெதிரே மோதினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து, சமையலறைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக உங்களைத் தேடி வரும்.

பஞ்சாங்கத்தைத் தப்பாகப் பார்த்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஜார்ஜ் ஆர்வெல். ஜூரா தீவின் வடகோடியில் பார்ன்ஹில் என்ற தனி வீட்டில் உட்கார்ந்து ‘1984’ நாவலை எழுதிக்கொண்டிருந்தார். 1947 ஆகஸ்டில், மூன்று வயது வளர்ப்பு மகனையும் அக்காவின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மோட்டார் மாட்டிய ஒரு சின்னப் படகில், தீவின் மறுபுறத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பினார். வழியில் ஜூராவுக்கும் ஸ்கார்பாவுக்கும் இடையே கோரிவ்ரெக்கன் சுழல் இருக்கிறது. கடலடியில் எழுந்து நிற்கும் ஒரு பாறைக் கூம்பின்மேல் எட்டு நாட்டுக்கும் கூடுதலான வேகத்தில் ஓதம் பாய்ந்து சுழிக்கும் இடம். உக்கிரமான நாளில் அதன் இரைச்சல் பல மைல் தூரம் கேட்கும். ஆர்வெல் நேரத்தைத் தப்பாகக் கணித்திருந்தார். மோட்டார் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போனது. துடுப்புப் போட்டு ஒரு பாறைத் திட்டை அடைந்து, இறங்குகிற சமயத்தில் படகு கவிழ்ந்தது. சில மணிநேரம் கழித்து, சிங்கி இறால் பிடிக்கப் போன படகொன்று அவர்களைப் பார்த்து ஏற்றிக்கொண்டது. நாவல் 1949இல் வெளிவந்தது. அதில் பெரிய அண்ணன் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று பயமுறுத்தியவர், யாராவது நம்மைப் பார்க்கமாட்டார்களா என்று பாறையில் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே ஓதக் கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போடுங்கள். விடை ஒத்துப் போகாவிட்டால் அடுப்பைப் பற்றவையுங்கள். சண்டை முடிவதற்குள் அடுத்த ஓதம் வந்துவிடும்.

கின்டைர் முனையைச் சுற்ற பயமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் 1801இலேயே கிரினன் கால்வாயைத் திறந்துவைத்தார்கள். ஒன்பது மைல் நீளம், பதினைந்து மதகுக்கூண்டுகள். பல கதவுகளை நீங்களே முதுகு கொடுத்துத் தள்ளித் திறக்க வேண்டும். கடலில் மூழ்கும் அபாயம் தீர்ந்து, இடுப்புப் பிடிக்கும் அபாயம் வரும்.

வானிலைக்கு வருவோம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் காற்று எப்படி, பார்வைத் தூரம் எவ்வளவு என்று பிபிசி ரேடியோ 4இல் வாசிக்கிறார்கள். இதற்கெல்லாம் மூலபுருஷர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய பீகிள் கப்பலின் கேப்டன். 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட பிறகு, புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாட்டை 1861இல் தொடங்கிவைத்தார். 2002இல் கடற்பகுதி ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நமக்கு வேண்டிய பகுதிகள் மாலினும் ஹெப்ரடீஸும். நள்ளிரவு வாசிப்புக்கு முன்னால் மெல்லிய இசை ஒன்று போடுவார்கள். படகே இல்லாத லட்சோபலட்சம் பேர் அதைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கிப்போகிறார்கள். படகில் இருப்பவர் கேட்டால் வந்த தூக்கமும் போய்விடும். அறிக்கைக்கென்று தனிக் கணக்கு உண்டு. புயற்காற்று ‘உடனடி’ என்றால் ஆறு மணிநேரத்துக்குள், ‘விரைவில்’ என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு, ‘பிறகு’ என்றால் பன்னிரண்டுக்கும் மேல், ஒரு நாளுக்குள். மூன்றில் எதைக் கேட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மல் தீவின் டோபர்மோரியில் இன்னொரு நாள் இருங்கள். அங்கே துறைமுகத்தை ஒட்டிச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் பூசிய வீடுகள் வரிசையாக நிற்கும். முதல் நாள் போட்டோ எடுப்பீர்கள். நாலாம் நாள் எந்த வீட்டில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். படகு வாழ்க்கையில் பயணம் கொஞ்சம், காத்திருப்பு மிச்சம். இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்வதுபோல் படகு வாங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.

கல்யாணம் என்றதும் நங்கூரம் நினைவுக்கு வருகிறது. நங்கூரம் போடுவது என்பது ஊரார் முன்னிலையில் தம்பதியர் நடத்தும் நாடகம். ஒருவர் அணியத்தில் சங்கிலியோடு, மற்றவர் பின்னால் சுக்கானோடு. நடுவே இன்ஜின் சத்தம். முன்னால் இருப்பவர் “போதும்” என்பார். பின்னால் இருப்பவருக்கு “போடு” என்று கேட்கும். ஏற்கெனவே அங்கே நிற்கிற படகுகளிலிருந்து ஒவ்வொருவராக மேல்தளத்துக்கு வந்து, இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். உதவி செய்வதற்கல்ல, நீங்கள் அவர்கள் சங்கிலிமேல் உங்கள் சங்கிலியைப் போடாமல் பார்த்துக்கொள்ள. அதனால் வாயால் பேசாதீர்கள். கைச்சாடைகளை முன்னதாகவே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் காட்டும் சாடையையும் சேர்த்தே முடிவு செய்துகொள்வது நல்லது.

இது விளையாட்டுக்குச் சொன்னது. சங்கிலி விஷயம் நிஜம். ஓதம் முழுக்க ஏறினால் எவ்வளவு ஆழம் இருக்குமோ அதைப்போல் நாலு மடங்குச் சங்கிலி குறைந்தபட்சம் விட வேண்டும். ஓபன் துறைமுகத்துப் பக்கம் பௌர்ணமி ஒட்டி நீர்மட்டம் மூன்று மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. சாயங்காலம் அளந்த ஆழத்தை நம்பித் தூங்கக்கூடாது. இங்கே கடலடியில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசி காடாக வளர்ந்திருக்கும். நங்கூரம் அதைக் கவ்விக்கொண்டு, மண்ணைக் கவ்வியதுபோல் பாவனை செய்யும். இன்ஜினைப் பின்னுக்குப் போட்டு நன்றாக இழுத்துப் பார்க்காமல் விட்டால், ராத்திரி இரண்டு மணிக்குத் தன் பாவனையைக் கலைக்கும். ஸ்கை தீவின் லோக் ஸ்கவேய்க் என்ற கடற்கழியில் நின்று பார்க்காமல் வராதே என்று எல்லோரும் சொல்வார்கள். கூலின் மலைகள் நேரே கடலிலிருந்து எழுந்து நிற்கும் இடம், உண்மையிலேயே மலைக்க வைக்கும். அதே மலைகளிலிருந்து காற்று திடீர் திடீரென்று சரிந்து இறங்கிப் படகை அறையும் என்பதை அவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள்.

ஈரத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். கேபினை இறுக மூடிக்கொண்டு இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சு விட்டாலே ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் வெளியாகும். குளிருக்கு காஸ் அடுப்பை எரியவிட்டுக் கதகதப்பாக இருக்கலாம் என்று தோன்றும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் நீராவியாக வரும். அது எங்கே போகும்? மெத்தையின் அடிப்புறம், அலமாரிக்குள் மடித்துவைத்த சட்டை, பாஸ்போர்ட். ஆகவே புகை வெளியே போகும் குழாய் உள்ள டீசல் ஹீட்டர் ஒன்று போடுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி, ஒரு தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். அடுப்பை அணைத்ததும் சிலிண்டர் வால்வை மூடுவது பழக்கமாக வேண்டும்.

கழிப்பறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையால் அடிக்கும் பம்பு, கடலுக்குத் திறக்கும் வால்வு. வரும் விருந்தாளிக்குக் காபி கொடுக்குமுன் இதைச் சொல்லிக்கொடுங்கள். வால்வை மூட மறந்தால் வீடு மூழ்கக்கூடிய கழிப்பறை உலகில் வேறெங்கும் அதிகம் கிடையாது.

காற்று அடித்தால்தானே இவ்வளவு தொல்லை, காற்றே இல்லாத சாயங்காலம் சொர்க்கமாக இருக்குமே என்று நினைப்பவர்களுக்காகத்தான் மிட்ஜ் படைக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்குப் பட்டும் படாத ஒரு கொசுறுப் பூச்சி. மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை, காற்று ஓய்ந்த அந்திகளில், கரையிலிருந்து மேகமாகக் கிளம்பும். கடிப்பது பெண் பூச்சி மட்டும், முட்டைக்கு ரத்தம் வேண்டியிருக்கிறது. மெல்லிய காற்று ஒன்று வீசினாலே பறக்க முடியாமல் அடங்கிவிடும். ஏவான் கம்பெனியின் ஸ்கின் ஸோ ஸாஃப்ட் என்ற எண்ணெயைப் பூசிக்கொண்டால் கடிக்காது என்று இந்தக் கரை முழுக்க நம்புகிறார்கள். பூசிக்கொண்டவர்களும் சொறிந்துகொண்டேதான் அதைச் சிபாரிசு செய்கிறார்கள். கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போடுங்கள். அங்கே கொஞ்சம் காற்று இருக்கும். காற்று இருந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

சாவு பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கடல் நீரின் சூடு கோடையிலேயே 13, 14 டிகிரிதான். கனடாவின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர். அவர் வகுத்த கணக்கை மனப்பாடம் செய்யலாம். விழுந்த முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, அதைச் சமாளிக்க வேண்டும். அடுத்த பத்து நிமிஷம்தான் கைகால் பிரயோஜனமாக அசையும். அதன் பிறகும் குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஆகும், மிதந்துகொண்டிருந்தால். மிதப்பதற்கு லைஃப் ஜாக்கெட் வேண்டும். விழாமலிருக்க, உடம்பைப் படகோடு கட்டும் வார் வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் மாபெரும் கடலோடி எரிக் தபார்லி அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தை இரண்டு முறை ஜெயித்தவர். 1998 ஜூனில் தன் பழைய படகு பென் டுயிக்கில் ஸ்காட்லாந்துக்கு வந்துகொண்டிருந்தபோது, ஐரிஷ் கடலில், ராத்திரியில், பாய்க் கட்டை அடித்துத் தண்ணீரில் விழுந்தார். வாரும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை. அவருக்கே அந்த கதி. இந்தப் பத்தியில் கேலி ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

குளிர்காலம் முழுவதும் படகிலேயே இருப்பதா? டிசம்பரில் ஓபனில் பகல் ஏழு மணிநேரம்கூட இல்லை. சொல்ல வேறொன்றும் இல்லை. படகைக் கிரேன் வைத்துக் கரையேற்றிவிட்டு, உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களிடம் மாடி அறை ஒன்று கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

இவ்வளவையும் படித்த பிறகும் போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஜூனில் ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஆள் இல்லாத தீவின் ஒதுக்கில் சொந்த நங்கூரத்தில் நிற்பதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ஆர்ட்னமர்க்கன் முனையைச் சுற்றி வந்த படகுகள் அணியத்தில் ஹெதர் பூங்கொத்து ஒன்றைக் கட்டிக்கொள்வது இங்கே பழைய வழக்கம். அதைக் கட்டிக்கொண்டு துறைக்குள் நுழைகிறவர் முகத்தைப் பார்த்தால் ஈரமெத்தையெல்லாம் மறந்துபோகும்.

கலை உள்ளம் படைத்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இசையமைப்பாளர் மெண்டல்சன் 1829 ஆகஸ்டில் ஸ்டாஃபா தீவின் ஃபிங்கல் குகையைப் பார்க்க நீராவிக் கப்பலில் போனார். குகையை ரசிக்க விடாமல் வாந்தி அவரைப் பிடுங்கி எடுத்துவிட்டது. நல்லவேளையாக, பின்னால் ஹெப்ரடீஸ் இசைப்படைப்பாகப் புகழ் பெற்றதன் ஆரம்ப வரிகளை, குகையைப் பார்ப்பதற்கு முந்தின நாளே எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நீங்களும் எழுதுவதானால் ஏறுமுன் எழுதி முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு செலவு. கரையோர ஊர்களின் மதுக்கடைகளிலும் கடைகளிலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் படகு வடிவில் ஓர் உண்டியல் இருக்கும். அது ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்புடையது. 1824இல் தொடங்கியது, நன்கொடையில் நடப்பது. ஓபன், டோபர்மோரி, மல்லெய்க் எல்லா இடத்திலும் அதன் படகுகள் உண்டு. அவற்றில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருகிற உள்ளூர்க்காரர்கள். நீங்கள் தரைதட்டினாலும், இறால் பொறிக் கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டாலும், கோடைக்கு ஒரு மணி கூட்ட மறந்து சுழலுக்குள் போனாலும் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். வந்த பிறகு கட்டணம் கேட்கமாட்டார்கள். ஆகவே முன்னாலேயே போட்டுவிடுங்கள், சில்லறையாக வேண்டாம், நோட்டாகவே.